பினிசியில் ஏறுமுன்: கொமோடோ டைவ் பயணத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவிலுள்ள லாபுவான் பாஜோ துறைமுகத்தில் நின்றால், இரண்டு பாய்மரமும் நீண்டு கூர்ந்த மூக்கும் கொண்ட மரக்கப்பல்கள் நங்கூரமிட்டிருப்பதைப் பார்க்கலாம். அவைதான் பினிசி. இந்தோனேசியாவின் தெற்கு சுலவேசியில், புலுகும்பா வட்டாரத்தின் தானா பெரு, பிரா, ஆரா ஊர்களில் கொஞ்சோ மக்கள் கடற்கரை மணலிலேயே கட்டுகிற கப்பல்கள். முன்பு தீவுகளுக்கிடையே சரக்கு ஏற்றின. 1970களிலிருந்து என்ஜின் பொருத்திக்கொண்டன. இன்று பல பினிசிகள் டைவர்களை ஏற்றிக்கொண்டு கொமோடோ தீவுகளிலும் கிழக்கே பப்புவாவை ஒட்டிய ராஜா அம்பாட் தீவுகளிலும் சுற்றுகின்றன. இந்தக் கப்பல்கட்டும் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாலுமிகள் தங்கள் கப்பலைக் 'கபல்' என்பார்கள். நம் 'கப்பல்' மலாய்க்குப் போய் அப்படி ஆகியிருக்கிறது.

முதல்முறை போகிறவர்கள் நீருக்கடியில் என்ன ஆகுமோ என்றே கவலைப்படுகிறார்கள். ஆனால் டைவைக் கெடுப்பது பெரும்பாலும் நீருக்கு மேலே நடப்பதுதான்: தூங்காத இரவு, தண்ணீர் குடிக்காத பகல், பாதி திறந்த காற்று டாங்க் வால்வு, டைவ் இடத்துக்குக் கொண்டுபோகும் சின்னப் படகான டிங்கியில் போட்ட அவசரம். அதனால் இங்கே மீன்களைப் பற்றிக் குறைவாகவும் கப்பலைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறோம்.

எப்போது, யார் போகலாம்

கொமோடோவுக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை நல்ல காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று பலமாக அடித்துக் கடல் குலுக்கும். முதல் பயணமென்றால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. டிசம்பரிலிருந்து மழையும் வடமேற்குக் காற்றும் வருவதால் பல கப்பல்கள் ராஜா அம்பாட்டுக்குப் போய்விடும். அங்கே சீசன் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை.

மாதத்தைவிட முக்கியமானது பிறை. பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்கும் வழிகளில் ஒன்று கொமோடோவின் குறுகிய நீரிணைகள். அதோடு தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் ஆறுபோல ஓடும். வீட்டு நாட்காட்டியைத் திறந்து அஷ்டமி எப்போது என்று பாருங்கள். அஷ்டமியும் அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களும்தான் நீரோட்டம் தணிந்திருக்கும் நாட்கள். பயணத்தின் நடுப்பகுதி அதில் விழும்படி பதிவு செய்தால், புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஓபன் வாட்டர் என்கிற முதல்நிலை டைவ் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். கொமோடோவின் வடக்கிலுள்ள காஸில் ராக், கிரிஸ்டல் ராக் போன்ற இடங்களுக்கு அட்வான்ஸ்டு என்கிற அடுத்தநிலைச் சான்றிதழும் ஐம்பது டைவ் அனுபவமும் இருந்தால் நிம்மதி. பத்து டைவ் மட்டும் முடித்தவர் போகக்கூடாதென்றில்லை. நீரோட்டம் உள்ள இடங்களை விட்டுவிட்டு மற்ற டைவ்களை மட்டும் செய்ய முடியுமா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் என்ன

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம். கேபினில் அதை வைக்க இடமே இருக்காது. மடித்துக் கட்டிலுக்கடியில் செருகக்கூடிய துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், எஸ்.எம்.பி. என்கிற மிதவைக்குழாய், 15 மீட்டர் கயிறுள்ள ரீல் ஆகிய நான்கும் உங்களுடையதாக இருக்கட்டும். மற்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம். டாங்க்கிலிருந்து மூச்சிழுக்கும் கருவியான ரெகுலேட்டரைச் சொந்தமாகக் கொண்டுபோனால், கப்பலின் டாங்க் வால்வுகள் டின் (DIN) வகையா, யோக் வகையா என்று முன்பே கேளுங்கள். பொருந்தாத வால்வோடு நடுக்கடலில் நின்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வெட்சூட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வெப்பமண்டலக் கடல்தானே என்று 3 மில்லிமீட்டர் சூட்டோடு போகிறார்கள். வடக்கில் அது போதும், தண்ணீர் 27 முதல் 29 டிகிரி இருக்கும். ஆனால் ரிஞ்சா தீவின் தெற்கே, கேனிபல் ராக் பக்கம், அடியிலிருந்து குளிர்நீர் மேலேறி வரும். ஜூலை, ஆகஸ்டில் 22 டிகிரிக்கும் கீழே போகலாம். தென்பகுதி பயணத்திட்டத்தில் இருந்தால் 5 மில்லிமீட்டர் சூட்டும் தலைக்கவசமும் வேண்டும்.

இந்தோனேசியாவில் இரண்டு உருண்டை முனை ஐரோப்பிய பிளக். நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக் கட்டணம் சில கப்பல்களில் தனியாக, ரூபியா ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது சாதாரணப் பயணக் காப்பீட்டின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பலவற்றில் டைவிங் கிடையாது, அல்லது ஆழ வரம்பு உண்டு. வேகமாக மேலேறினால் உடலில் குமிழிகள் உண்டாகும் டிகம்ப்ரஷன் நோய்க்கான அழுத்த அறைச் சிகிச்சையையும் அவசர விமானத்தையும் சேர்த்த டைவ் காப்பீடு வாங்குங்கள்.

ஏறிய முதல் ஒரு மணி நேரம்

செருப்பு, ஷூ எல்லாம் டிங்கியிலிருந்து ஏறும் இடத்திலுள்ள கூடையில் போய்விடும். பயணம் முடியும்வரை வெறுங்கால்தான். தளத்தில் இரும்பு வளையங்கள், கயிறு கட்டும் கட்டைகள் எங்கெங்கே துருத்தி நிற்கின்றன என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பினிசியில் அடிக்கடி நடக்கும் விபத்து கால்விரல் நசுங்குவதுதான். அப்படி ஆனால் ஃபின் என்கிற நீச்சல் துடுப்பைக் காலில் மாட்ட முடியாது, டைவும் முடிந்தது.

அடுத்து உங்கள் கேபினிலிருந்து வெளியேறும் வழி. கீழ்த்தளக் கேபின் என்றால் படிக்கட்டைத் தவிர இன்னொரு வழி இருக்கிறதா? கூரைத் திறப்பு என்றால் அது உள்ளிருந்து கையால் திறக்கிறதா, மேலே யாராவது கயிற்றுச்சுருளை வைத்து அடைத்திருக்கிறார்களா? ஒருமுறை நீங்களே திறந்து ஏறிப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடி, கட்டிலிலிருந்து தளம் வரை போய்ப் பாருங்கள். இது மிகைபோலத் தோன்றலாம். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த டைவ் படகில் நள்ளிரவு தாண்டித் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். பினிசியும் மரம்தான்.

அதனால் ஒரு விதியை மட்டும் யார் சொன்னாலும் தளர்த்தாதீர்கள்: டார்ச், கேமரா, போன் எதையும் கேபினுக்குள் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. மேல்தளத்தில் பொது சார்ஜிங் மேசை இருக்கும். பகலில், ஆட்கள் நடமாடும்போது அங்கே போடுங்கள். உயிர்காப்பு அங்கி எங்கே, புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, இரவில் யார் விழித்துக் காவல் இருக்கிறார் என்று கப்பல் பொறுப்பாளரிடம் கேளுங்கள். நல்ல கப்பலில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

முதல் இரவு கப்பல் முனகும். பினிசியில் முதலில் பலகைகளைச் சேர்த்து உடலைக் கட்டிவிட்டு, பிறகுதான் உள்ளே விலா மரங்களைப் பொருத்துவார்கள். பலகைகளை இணைப்பது மர ஆணிகள். இடுக்குகளில் மரப்பட்டை நாரைத் திணித்துக் கலப்பத்து அடித்திருப்பார்கள். கடல் அசையும்போது பலகையோடு பலகை உரசி எழும் சத்தம்தான் அது. அவ்வப்போது பம்ப் ஓடும் சத்தமும் கேட்கும். மரக்கப்பலுக்குள் கொஞ்சம் நீர் கசிவது இயல்பு, பம்ப் அதை இறைக்கிறது. பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும் எழுந்துபோய் ஒரு மாலுமியிடம் சொல்லுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

ஆறு மணிக்குக் கதவு தட்டுவார்கள். ஒரு ரொட்டித்துண்டு, காபி, பலகையில் வரைபடத்தோடு விளக்கம், ஏழு மணிக்குள் முதல் டைவ். வந்து காலை உணவு. பதினோரு மணி வாக்கில் இரண்டாவது, மதிய உணவு, மூன்று மணிக்கு மூன்றாவது. சில நாட்களில் இருட்டியதும் நான்காவது. இந்த நேரங்கள் எல்லாம் நீரோட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர் தணியும் நேரத்துக்காகக் காலை உணவு ஒன்பதரைக்குத் தள்ளிப்போகலாம். பசி தாங்காதவர்கள் கேபினில் கடலைமிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பீர் திறந்தால் அன்றைய டைவ் முடிந்தது. இது எல்லாக் கப்பலிலும் உண்டு, நியாயமானதும்கூட. மூன்று நாள் தொடர்ந்து நாலு டைவ் செய்தவர் ஒரு டைவை விட்டுவிட்டுத் தூங்குவது நல்லது. உடலில் நைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகும், களைப்பும் கூடவே.

டைவ் தளத்திலிருந்து டிங்கி வரை

காற்று ஏற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் அங்கியான பிசிடியையும் ரெகுலேட்டரையும் முதல் நாளில் டாங்க்கில் மாட்டினால் கடைசி நாள்வரை அது அங்கேயே இருக்கும். மாலுமிகள் அந்த இடத்திலேயே காற்று நிரப்புவார்கள். வசதிதான். ஆனால் உங்களைத் தவிர இன்னொரு கை அந்த வால்வைத் திறந்து மூடுகிறது. ஆகவே ஒவ்வொரு டைவுக்கு முன்பும்:

1. வால்வை முழுவதும் திறங்கள். அழுத்தமானியைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் இரண்டு மூன்று மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. மூச்சுக்கு மூச்சு முள் கீழே துள்ளித் திரும்பினால் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கிறது. மேற்பரப்பில் மூச்சிழுப்பதில் மட்டும் இது தெரியாது. 20 மீட்டரில் போதுமான காற்று வராது.

2. டாங்க்கில் 200 பார் அழுத்தம் இருக்க வேண்டும். 180க்குக் கீழே என்றால் திரும்ப நிரப்பச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

3. நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று என்றால், ஆக்சிஜன் அளவுமானியை நீங்களே பிடித்து அளந்து, டாங்க்கில் எழுதி, பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். 32 சதவீதம் என்றால் உங்கள் ஆழ எல்லை 33 மீட்டர். கம்ப்யூட்டரிலும் 32 என்று மாற்றினீர்களா என்று பாருங்கள்.

4. பிசிடியை ஊதி, அரை நிமிடம் காது வைத்துக் கேளுங்கள்.

மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் எவ்வளவு என்பதை முதல் டைவிலேயே முடிவு செய்யுங்கள். டைவ் முடிந்து 50 பார் இருக்கும்போது, பிசிடியை முழுக்கக் காலியாக்கி, சாதாரண மூச்சோடு அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நின்றால் அளவு சரி. டைவ் தொடக்கத்தில் சோதித்தால் 2 கிலோ கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அங்கே வழக்கமாகக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினியம் டாங்க்கில் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது அந்த அளவு காற்றின் எடை குறைந்துபோகிறது.

காற்றுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 20 மீட்டரில் 60 லிட்டர் இழுப்பார். 50 பாரை இருப்பாக ஒதுக்கினால் கையிலிருப்பது சுமார் 1,650 லிட்டர். 27 நிமிடம்தான். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் அதில் பாதி.

டிங்கியின் ஓரத்தில் உட்கார்ந்து பின்பக்கமாக உருளுவதுதான் இறங்கும் முறை. பின்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வலது கை மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் அழுத்தட்டும். ஓட்டுநர் 'சாத்து, துவா, தீகா' என்று எண்ணுவார். தீகாவுக்கு எல்லோரும் சேர்ந்தே விழ வேண்டும். ஒரு நொடி தயங்கி விழுபவர், முன்னே விழுந்தவரின் தலையில் விழுவார். தயங்கிவிட்டால் உட்கார்ந்தபடியே இருங்கள். டிங்கி ஒரு சுற்று வந்து உங்களைத் தனியாக இறக்கும்.

நீரோட்டம் பலமான இடங்களில் பிசிடியில் காற்றே இல்லாமல் இறங்கி, நேராக 5 மீட்டருக்குப் போய் அங்கே சேர்ந்துகொள்ளச் சொல்வார்கள். மேலே மிதந்து மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பாறையைத் தாண்டிப் போய்விடுவீர்கள். போய்விட்டால் துரத்தி நீந்தாதீர்கள். மேலே வந்து மிதவைக்குழாயை ஊதி நிமிர்த்துங்கள். டிங்கி அதைத்தான் தேடும்.

கீழே நீரோட்டத்தைப் படிப்பது

பாத்து போலோங் என்றால் துளையுள்ள பாறை. நீரிணையின் நடுவில் தனியாக நிற்கிறது. நீரோட்டம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து ஓடும். பாறைக்குப் பின்னால் நீர் அமைதியான ஒரு பகுதி இருக்கும். டைவ் முழுக்க அந்தப் பகுதிக்குள்தான். ஆழத்தில் தொடங்கி, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து மேலே வர வேண்டும். பாறையின் ஓரத்துக்கு அப்பால் எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

மீன்களைப் பாருங்கள். அவை எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். மஞ்சளும் ஆரஞ்சுமான சின்ன மீன்கூட்டம் பாறையோடு ஒட்டி, அத்தனை தலையும் ஒரே திசையில், வால்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் முன்னே பலமான ஓட்டம் இருக்கிறது. அந்தத் தலைகள் மேல்நோக்கித் திரும்பி நின்றால், நீர் கீழ்நோக்கி இறங்குகிறது. உங்கள் காற்றுக்குமிழிகளும் மேலே போகாமல் கீழே சுழலும். உடனே உயிருள்ள பவளம் இல்லாத பாறையைப் பிடியுங்கள். பிடி கிடைக்காவிட்டால் பாறையை விட்டு விலகிச் சாய்வாக நீந்துங்கள், பிசிடியில் கொஞ்சம் காற்று சேருங்கள். ஓட்டத்திலிருந்து விடுபட்ட கணமே அந்தக் காற்றை வெளியேற்றக் கை தயாராக இருக்கட்டும். இல்லையென்றால் அதே வேகத்தில் மேலே போய்விடுவீர்கள்.

ஓட்டத்தில் பாறையில் மாட்டி நிற்க உதவும் கயிற்றுக்கொக்கியான ரீஃப் ஹூக் தந்தால் செத்த பாறையில் மட்டும் மாட்டுங்கள். கயிறு நெஞ்சுப் பக்கத்து வளையத்தில். கழற்றுமுன் பிசிடியைக் காலியாக்குங்கள்.

காராங் மக்காசாரில் மாந்தா திருக்கைகள் வரும். அது ஆழமில்லாத, சிதைந்த பவளத் துண்டுகள் பரவிய சமவெளி. துரத்தினால் போய்விடும். தரையோடு தாழ்ந்து அசையாமல் இருந்தால் தலைக்கு மேலேயே வரும்.

ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம். அங்கிருந்தே மிதவைக்குழாயை மேலே விடுங்கள். ரீலை உடம்பில் கட்டாமல் கையில் பிடிக்க வேண்டும். டிங்கி அருகில் வந்ததும் முதலில் ஈயப்பட்டை, பிறகு பிசிடி, கடைசியில் ஃபின். மேலே ஏறும் கணம்வரை மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும்.

தண்ணீர், சாப்பாடு, வயிறு

நன்னீர் அளவோடுதான். இரண்டு நிமிடக் குளியல். கழிவறையில் காகிதம் போட்டால் குழாய் அடைக்கும், அது உங்கள் கேபினோடு நிற்காது. ஈர வெட்சூட்டோடு உள்ளே போகாதீர்கள். மரத்தளத்தில் எண்ணெய்ப் பசையுள்ள சன்ஸ்கிரீன் கறை விழும். முழுக்கைச் சட்டையே மேல்.

சமையல் இந்தோனேசிய முறை: சோறு, மீன், கோழி, சோயாவில் செய்த வறுத்த தெம்பே, தஹு (டோஃபு). சைவர்கள் கவனிக்க வேண்டியது சம்பல். பார்க்க நம் மிளகாய்த் துவையல் போல இருக்கும், ஆனால் பெரும்பாலும் 'தெராசி' என்கிற இறால் விழுது கலந்திருக்கும். 'தன்பா தெராசி' என்றால் தெராசி இல்லாமல். இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாமென்று தனித்தனியாகச் சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் முட்டையும் மீனும் வரலாம்.

தலைசுற்றல் வருபவர்கள் கப்பலின் நடுப்பகுதிக் கேபினைக் கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். மருத்துவரைக் கேட்டு, ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்து, அந்த மந்தத்தோடு டைவ் செய்வது சரியா என்று முடிவு செய்யுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரை வயிற்றில் நிற்காது, கப்பல் கிளம்புமுன் போட வேண்டும். வாந்தி எடுத்தவர் அடுத்த டைவை விட்டுவிட வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது டிகம்ப்ரஷன் நோய்க்கு வாய்ப்பு கூடுகிறது.

பாய் விரிக்கும்போது

பெரும்பாலான நேரம் என்ஜின்தான் ஓடும். காற்று தோதாக அமைந்தால் பாய் விரிப்பார்கள். மரபான பினிசிக்கு ஏழு பாய்: மூக்குப்பக்கம் மூன்று, இரண்டு மரத்திலும் பெரிய பாய் ஒவ்வொன்று, அவற்றின் மேலே முக்கோணப் பாய் ஒவ்வொன்று. பெரிய பாயைத் தாங்கும் மேல்கட்டை எப்போதும் உயரத்திலேயே நிற்கும். பாயை ஜன்னல் திரைச்சீலை மாதிரி அந்தக் கட்டையோரமாக வெளியே இழுப்பார்கள், மடக்கும்போது மரத்தை நோக்கிச் சுருட்டிக் கட்டுவார்கள். என்ஜின் நின்று, வளையங்கள் சரசரவென்று ஓடி, துணி ஒருமுறை படாரென்று விறைக்கும். இந்தப் பயணத்தில் அதற்காகவே காத்திருக்கலாம்.

கயிறு இழுக்கக் கூப்பிட்டால் போங்கள். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளாதீர்கள், தரையில் கிடக்கும் சுருளுக்குள் கால் வைக்காதீர்கள்.

கடைசி நாள்

பல நாள் டைவ் செய்த பிறகு விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை ஒன்பது மணி விமானம் என்றால் முந்தைய நாள் மூன்று மணிக்குள் கடைசி டைவிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. அந்த நேரத்துக்குத்தான் பாடார் தீவின் மலையேற்றமும் கொமோடோ உடும்புகளும்.

விமானத்தை நினைவில் வைப்பவர்கள் மலையை மறந்துவிடுகிறார்கள். லாபுவான் பாஜோவிலிருந்து ஃபுளோரஸ் தீவுக்குள் காரில் போனால் ருத்தெங் ஊர் 1,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கெலிமுத்து எரிமலை 1,639 மீட்டர். கப்பலிலிருந்து இறங்கிய மாலையே அங்கே கிளம்பாதீர்கள். அந்த இரவைக் கடற்கரையிலேயே கழித்து, வெட்சூட்டைக் காயவைத்து, மறுநாள் ஏறுங்கள்.